மூன்றாவது ஒயர்

முகில்,

இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் அந்த எண்ணத்தில் இருக்கவில்லை. தப்பு செய்தவன் நீ, முதலில் நீதான் பேச வேண்டும் என்று காத்திருந்தேன். ஆறு வருடம் காத்திருந்தேன். போன வாரம் உன் அம்மா கூப்பிட்டாள். மாதம் ஒருமுறை கூப்பிட்டு, மேனாம்பேடு வீட்டின் தண்ணீர் வரி கட்டியாயிற்றா, மோட்டார் ஓடுகிறதா என்று வாடகைக்காரனிடம் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இந்த முறை வேறு விஷயம். "விசா வந்துருச்சு. அடுத்த மாசம் கெளம்புறோம். நானும் அவன்கூடப் போறேன்" என்றாள். எங்கே என்று கேட்டேன். "கனடா" என்றாள். எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன். "தெரியல" என்றாள். அவளோடு இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தவன் நான். அவள் தெரியல என்றால் அது தெரியாததால் அல்ல என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே உன் மாமா கூப்பிட்டார். ஆறுதல் சொல்கிறாராம். "மச்சான், ஒரு லேப்டாப்புக்காகப் புள்ளையத் தொரத்திட்டீங்களே" என்றார். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதிலேயே நின்றது. நான் எதையும் சுலபமாக மறக்கிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். என்னிடம் வேலை கற்றவனுக்கு என் தலைக்கு மேல் மேனேஜர் நாற்காலி கொடுத்த கம்பெனியை இன்றுவரை மன்னிக்கவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த அன்று அவர்கள் போட்ட சால்வையை வண்டி துடைக்க வைத்திருக்கிறேன். உன் மாமாவின் வார்த்தைக்கு அதைவிடப் பெரிய பதில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பரண் மேல் ஏறி உன் பழைய லேப்டாப்பை இறக்கினேன். ஆறு வருடமாக ஏன் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன் என்று நீ கேட்கலாம். அது என்னிடம் இருந்த சாட்சி. பேட்டரியில் இருக்கிறவரை ஓடும், கரண்டில் மாட்டினால் உயிர் வராது, அப்படித்தான் அது கடைசியாக இருந்தது. அதை விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லி, "உபயோகித்தவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பழுது" என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, நீ விமானம் ஏறுவதற்குள் உனக்கு ஒரு நகல், உன் மாமாவுக்கு ஒரு நகல் அனுப்புவது என்று கிளம்பினேன். உன் தகப்பன் அப்படிப்பட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதை நம்புவதற்கு அது உதவும்.

நடந்ததை நீ ஒரு விதமாக நினைவில் வைத்திருப்பாய். நான் வேறு விதமாகச் சொல்லிச் சொல்லி, சொன்னதையே நினைவாக ஆக்கிக்கொண்டேன். ஆகையால் இருந்தது இருந்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன். எல்லா இன்டர்வியூவும் வீட்டிலிருந்தபடியே நடந்த காலம் அது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது, கீழ்த்தளம் என்பதால் காலி மனையிலிருந்து எலிகள் வீட்டுக்குள் வந்திருந்தன. அதில் ஒன்று உன் சார்ஜர் ஒயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. நீ புதிது வாங்கிக்கொள்கிறேன் என்றாய். "முப்பது வருசமா டிரான்ஸ்ஃபார்மர் டெஸ்ட் பண்றவன் வீட்டுல, ஒரு ஒயரு ஜாயின்ட்டுக்குக் கடைக்குப் போறதா?" என்று உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, மேல்தோலைச் சீவி, ஈயம் பற்றவைத்து, உறை போட்டுச் சுருக்கி, அது ஜாயின்ட் என்றே தெரியாதபடி முடித்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பத்தொன்பதரை வோல்ட். உன் அம்மாவைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன். அவள் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, மேசையை எப்போது காலி செய்வேன் என்று கேட்டாள்.

அடுத்த நாள் மாலை. மறுநாள் பதினொரு மணிக்கு உனக்குக் கடைசிச் சுற்று. நீ அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாய். "அப்பா, சார்ஜர அடையாளம் தெரியலன்னு ஒரு மெசேஜ் வருது. சார்ஜ் ஏறல. வந்து பாருங்களேன்." நான் கூடத்தில் நாற்காலியில் பேப்பரோடு இருந்தேன். என் நாற்காலிக்கும் உன் மேசைக்கும் பத்தடி இருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. "நான் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். பத்தொன்பதரை காட்டுது. மீட்டர் பொய் சொல்லாது. நீதான் சொல்லுவே" என்றேன். கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஒரு பேப்பரில் நீ பெயிலானதை ஐந்து மாதம் என்னிடம் மறைத்தாயே, அதற்கான குத்து அது. அந்தக் கணக்கை நான் வைத்திருந்தேன், சமயம் பார்த்து எடுத்தேன். உள்ளேயிருந்து வேறு சத்தம் வரவில்லை. நீ பேட்டரியில் மிச்சமிருந்ததைச் சேமிக்க லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாய் என்பது இப்போது புரிகிறது. அன்று, சரியாகிவிட்டது போலிருக்கிறது, என் ஜாயின்ட்டைக் குறை சொன்னதற்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

மறுநாள் லேப்டாப் நாற்பது நிமிடம் ஓடி, இன்டர்வியூ நடுவில் அணைந்தது. நீ சொருகினாய், பிடுங்கினாய், வேறு பிளக்கில் சொருகினாய். கரண்டை அது வாங்கவே இல்லை. போனில் சேரப் பார்த்தாய், அவர்கள் வைத்த பரீட்சைத் திரை போனில் திறக்காது. நீ அறையை விட்டு வெளியே வந்தபோது மேலே மட்டும் பெட்டி போட்ட சட்டையும் கீழே வீட்டில் கட்டுகிற லுங்கியுமாக நின்றாய். உன் முகத்தை நான் பார்த்தேன், முகில். பார்க்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், "படுக்கையில போட்டு உருட்டிக்கிட்டே கெடந்தா எந்த மிஷின்தான் தாங்கும்?" என்று கேட்டேன். அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், தான் கெடுத்த லேப்டாப்புக்கு என் ஜாயின்ட் மேல் பழி போடப் பார்த்தான் பையன் என்று சொன்னேன். முதலில் கோபமாகச் சொன்னேன், பிறகு வேடிக்கையாகச் சொல்லப் பழகிக்கொண்டேன். வேடிக்கையாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அதனால் இன்னும் நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

வானகரத்தில் உன் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் அதையேதான் சொன்னேன். பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். நீ சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாய். பக்கத்து இலையில் இருந்த உன் மாமாவின் நண்பர், "பையன் இன்னா சார் பண்றான்?" என்று கேட்டார். "லேப்டாப் ஒடைக்கிறான்" என்றேன். நல்ல சிரிப்பு. நீ வாளியைக் கீழே வைத்தாய். "ஆமா, நான்தான் ஒடச்சேன். நான்தான் பொய் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்குங்க. போதுமாப்பா?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய். நீ சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் முறை வாங்கினேன். ஒப்புக்கொண்டுவிட்டான் பார்த்தீர்களா என்று உன் மாமாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் நீ கிடைத்த வேலைக்குப் புனே போனாய். அடுத்த வருடம் உன் அம்மா உன்னிடம் வந்துவிட்டாள். கிளம்பும்போது, "அவன் செஞ்சிருந்தாலுமே, போனாப் போவுது விடுடான்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல நீங்க?" என்று கேட்டாள். "தப்பு செஞ்சவன் அவன்" என்றேன். எனக்காக ஒரு வாரத்துக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை நான் தொடவில்லை. பொங்கி வழிந்து புளித்துப்போகிறவரை பார்த்திருந்துவிட்டுக் கொட்டினேன். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

இப்போது போன திங்கட்கிழமைக்கு வருகிறேன். அம்பத்தூரில் தெரிந்த கடையில் கொடுத்தால் பேச்சு பரவும் என்று ஆவடிப் பக்கம் போனேன். பருத்திப்பட்டில் ஒரு சந்தின் முனையில் பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை, அமுதா என்று ஒரு பெண்மணி நடத்துகிறாள். நாற்பது வயது இருக்கும். அவர்களுடைய குடும்பம் அங்கேயே நெல் விளைவித்த குடும்பமாம். கடை இருக்கிற இடம் மாட்டுக்கொட்டகையாக இருந்தது என்று யாரும் கேட்காமலே சொன்னாள். கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தவள், "வா சார், குந்து. இன்னாத்துக்கு இந்தக் கெய்வனத் தூக்கினு வந்துகீற?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். பழுதை நீக்கவேண்டியதுகூட இல்லை, காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். "போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா சார்?" என்று கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் தொடாமல் முதலில் சார்ஜரைக் கையில் எடுத்தாள். ஒயரை விரலால் நெடுக உருவிக்கொண்டே வந்தவள் என் ஜாயின்ட்டில் நின்றாள். உறையை பிளேடால் கீறிப் பிரித்தாள்.

"கை சுத்தமா கீது சார். யாரு அடிச்சது இது?"

"ஒரு எலக்ட்ரீஷியன்" என்றேன்.

"அந்தாளக் கொஞ்சம் இட்டுக்கினு வா சார். ஒரே ஒரு கேள்வி கேக்கணும். எத்தினி ஒயரு இருந்துச்சு உள்ளன்னு."

"ரெண்டு. பிளஸ், மைனஸ்."

"மூணு சார்." கண்ணாடியின் கீழே வைத்து என் பக்கம் திருப்பினாள். நடுவில் தலைமுடி கனத்தில் ஒன்று, பிளஸ் ஒயரோடு சேர்த்து முறுக்கப்பட்டு, ஈயத்துக்குள் புதைந்திருந்தது. "இது கரண்டு எடுத்துனு போற ஒயரு இல்ல. நான் இன்னாரு, இத்தினி பவரு தருவேன்னு சார்ஜரு மிஷினுக்குச் சொல்ற ஒயரு. இந்தச் சொல் போனாத்தான் மிஷினு நம்பி வாங்கும். இவன் பிளஸ்ஸுல கொண்டாந்து இத்த முறுக்கி உட்டான். பேசுற வாயில பத்தொம்போது வோல்ட்ட ஊத்தினா இன்னா ஆவும்? மொதல்ல சார்ஜு ஏறியிருக்காது. அப்பால உள்ள அந்த லைனே சுட்டுப்பூட்டு கரண்டே வாங்காம பூடும். மீட்டரு வச்சிப் பாத்தா கரீட்டாத்தான் காட்டும். மீட்டருக்கு இன்னா தெரியும்?"

நான் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். எங்கள் டெஸ்டிங் செக்ஷனில் வோல்டேஜ் மட்டும் பார்த்துவிட்டு ஒரு மிஷினை வெளியே அனுப்பிய பையனை நான் ஒரு வாரம் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதே என்று கத்தியிருக்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் லோடு கொடுத்துப் பார்க்கவில்லை. உன் லேப்டாப்பில் சொருகி, ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால், அந்த மெசேஜை நானே படித்திருப்பேன்.

அமுதா ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "எய்தித் தரேன் சார். கவனக்கொறவுதான். ஆனா யாரோட கவனக்கொறவுன்னு பேரு போடணுமே. எலக்ட்ரீஷியன் பேரு இன்னா?" என்றாள். பேர் தெரியாது என்றேன். லேப்டாப்பைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். "இத்த சரி பண்றதுக்குப் புச்சே வாங்கலாம். பண்ணித்தான் ஆவணும்னா வியாயக்கெயம வா" என்றாள். பண்ணித்தான் ஆகவேண்டும் என்றேன். வெளியே வந்து ஏரிக்கரையில், நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்காகப் போட்டிருக்கிற பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்து நான் எதைத் தேடினேன் தெரியுமா? தப்பிக்க வழி தேடினேன். எலி கடித்தது என் தப்பா? அந்தக் காலத்துச் சார்ஜரில் இரண்டு ஒயர்தானே இருந்தது? நீயே ஒரு புது சார்ஜரை எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கக் கூடாதா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. ஏனென்றால் உன்னிடமும் அமுதாவிடமும் சொல்லாத ஒன்று எனக்கு நினைவிருந்தது. அந்த மூன்றாவது ஒயரை நான் பார்க்காமல் விட்டுவிடவில்லை. பார்த்தேன். மேல்தோலைச் சீவியபோது மெல்லிசாக ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. இது எதற்கு என்று ஒரு நொடி யோசித்தேன். உன்னைக் கூப்பிட்டு, கொஞ்சம் தேடிப் பாருடா, இது என்ன ஒயர் என்று கேட்டிருக்கலாம். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பாய். உன்னிடம் கேட்பதா என்று இருந்தது. பெரிதோடு சேர்த்து முறுக்கிவிட்டேன்.

வியாழக்கிழமை போனேன். உள்ளே சுட்டுப்போன சின்னப் பாகத்தை மாற்றி, வேறு சார்ஜர் போட்டு வைத்திருந்தாள். "பேட்டரி உப்பிப் பூடுச்சு சார், எட்த்துட்டேன். இனிமே கரண்டுல மட்டுந்தான் ஓடும்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டாள். ஓடியது. நான், "அந்த எலக்ட்ரீஷியன் நான்தாம்மா" என்றேன். அவள் தலையைத் தூக்கக்கூட இல்லை. "அன்னிக்கே தெரியும் சார். நான் உறைய அறுக்கச்சொல்லோ, உன் தோலையே அறுக்குற மாறிப் பாத்துனு இருந்தியே" என்றாள். அதற்குள் திரையில் ஏதோ வந்தது. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று நீ நினைத்திருப்பாய். அன்றைக்குச் சேமிக்காமல் அணைந்துபோன ஒரு பக்கத்தை அதுவாகவே மீட்டு முன்னால் வைத்தது. "இன்னா சார், மை ஃபாதர்னு போட்டுகீது. உன்னியப் பத்தித்தான் போல" என்று என் பக்கம் திருப்பிவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் வெளியே போனாள்.

இன்டர்வியூவில் கேட்பார்களே, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. அதற்கு நீ எழுதிவைத்த பேச்சு. உன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அதில் அப்பா பெயர், அப்பா வேலை, அம்மா இல்லத்தரசி என்று ஒரே மாதிரி ஒப்பிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது. பிறகு வேறாகப் போனது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதுகிறேன், என் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. "என் முன்மாதிரி என் அப்பா. அவர் டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். எல்லோரும் சரி என்று சொன்ன ஒரு மிஷினுக்கு அவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். மூன்று நாள் வீட்டில் சாப்பிடாமல் இருந்தார். நான்காம் நாள் அதில் பழுது இருந்தது தெரிந்தது. நான் எழுதும் எந்த புரோகிராமையும் மூன்று முறை ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. அது அவரிடமிருந்து வந்தது. அவருக்குப் பாராட்டத் தெரியாது. ஆனால் தவறு தன்னுடையதாக இருந்தாலும் தவறு என்று சொல்லிவிடுவார்." கடைசி வரியை நீ இரண்டு மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்திருந்தாய். எடுத்துவிடவில்லை. முந்தின நாள் மாலை, மீட்டர் பொய் சொல்லாது, நீதான் சொல்லுவே என்று நான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட பிறகும் மறுநாள் காலை அந்த வரியை விட்டுவைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாய். உன் பேச்சை யாராவது கேட்டார்களா, அது வரும் முன்னே திரை அணைந்துவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை.

அமுதா டீயோடு வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். வந்த ஒரு வாடிக்கையாளரை, "அப்பால வா அண்ணாத்தே, ஆளு கீறாங்க" என்று திருப்பி அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளயாண்டான் எங்க கீறாரு?" என்றாள். புனே, அடுத்த மாதம் கனடா என்றேன். "போன் போட்டுச் சொல்லிடு சார்." எடுக்க மாட்டான் என்றேன். "எத்தினி தபா போட்டுப் பாத்த?" என்று கேட்டாள். ஒரு தடவைகூடப் போட்டதில்லை. டீயைக் குடித்தேன்.

இதைச் சொல்வதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அன்றைக்கு ஏன் நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டவில்லை? ஏன் செய்யாத தப்பை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டாய்? நீ ஒப்புக்கொண்டதால்தான் எனக்கு ஆறு வருடம் சந்தேகமே வரவில்லை. இதை எழுதும்போதே தெரிகிறது, இதுவும் பழியை உன் பக்கம் தள்ளுகிற வேலைதான். பழகிய கை. எழுதியதை அடிக்காமல் விட்டுவைக்கிறேன், உன் அப்பா எப்படி யோசிப்பான் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும். உனக்கு நான் புத்தி சொல்லும் யோக்கியதையை இழந்துவிட்டேன். ஆனால் தெரிந்துகொண்ட ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாளை உன் வீட்டில் யாராவது அறைக்குள்ளிருந்து, வந்து பாருங்களேன் என்று கூப்பிட்டால், எழுந்து போ. உனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தாலும், நீயே சரி பார்த்ததாக இருந்தாலும், கூப்பிடுகிறவர் முன்பு உன்னிடம் பொய் சொல்லியிருந்தாலும் எழுந்து போ. பத்தடிதான். உன்னிடம் என் சாயல் நிறைய இருக்கிறது என்று உன் அம்மா சொல்லுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ லேப்டாப்பை உடைக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. உடைத்தவன் நான். இந்த மூன்று வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். இன்று காலை உன் மாமாவுக்கும் போன் போட்டு இதையே சொன்னேன். அவர், "இத்த இன்னாத்துக்கு மச்சான் இப்பப் போய்ச் சொல்றீங்க?" என்றார். அன்று பந்தியில் இருந்தவர்களில் யார் யார் நம்பர் அவரிடம் இருக்கிறது என்று கேட்டேன். விளையாட்டு என்று நினைத்தார். இல்லை என்றேன். நான்கு பேரைப் பிடித்துவிட்டேன். மூன்று பேருக்கு அந்த விஷயமே நினைவில்லை. ஒருவருக்கு நினைவிருந்தது. "பாவம் சார் உங்க பையன், பக்கெட்ட வச்சிட்டுப் போனானே" என்றார். ஊரே பார்த்தது என்று நீ இத்தனை நாள் நினைத்திருந்தால், பார்த்தவர் ஒருவர்தான், அவரும் உன் பக்கம்தான்.

உன்னை இங்கே வரச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு அங்கே குளிர் தாங்காது, முழங்காலுக்கு உறை வாங்கிக் கொடு. அவளாகக் கேட்க மாட்டாள். லேப்டாப்பை இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. உன் அப்பாவைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை நான் தொடவில்லை, சேமித்து மட்டும் வைத்தேன். அதில் திருத்த வேண்டியது இருக்கிறது. அதை நான் திருத்தக் கூடாது.

நாளை காலை தபால் நிலையம் திறந்ததும் விரைவுத் தபாலில் போட்டுவிடுவேன். உறையின் மேல் உன் முகவரியை எழுதி முடித்துவிட்டேன். கடைசியில் "இப்படிக்கு" என்று எழுதி அரைமணி நேரமாக அதற்குக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பெயரை எழுதினால் ஏதோ ஆபீசிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது. அப்பா என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். வானகரத்தில் படியிறங்குவதற்கு முன் நீ கடைசியாக என்னை அப்படிக் கூப்பிட்டாய், அதற்குப் பிறகு அந்த வார்த்தையை என் மேல் நானே ஒட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அது நீ கொடுக்கிற பெயர். கொடுப்பாயா என்று கேட்கிற உரிமைகூட எனக்கு இல்லை. அதனால் "இப்படிக்கு" என்பதையும் அடித்துவிட்டேன். கையெழுத்து இல்லாமலேயே அனுப்புகிறேன்.